ஒரே இனிஷியல், ஒரே பெயர், ஒரே வீடு: நோயாளி அடையாளச் சோதனை பற்றி வாசகர் கேள்வி – பதில்

ஒரே ஆளுக்கு நாலு இடத்தில் நாலு எண்: பெரிய மருத்துவமனையில் ஒன்று, லேபில் ஒன்று, ஸ்கேன் சென்டரில் ஒன்று, தெருமுனை டாக்டரிடம் ஒன்று. இந்த நாலும் ஒருவருடையவைதான் என்று கண்டுகொண்டு தகவல் பரிமாறும் சாஃப்ட்வேரை எப்படிச் சோதிப்பது என்று நெல்லை, தென்காசி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

புதிய சாஃப்ட்வேர் வாங்கப்போகிறோம். "பிக்ஸ், பி.டி.கியூ. கன்ஃபார்மன்ஸ் டெஸ்ட் எல்லாம் பாஸ்" என்கிறார் வெண்டர். இனி ஒருவர் ரிப்போர்ட் இன்னொருவர் பெயரில் போகாது என்று நம்பலாமா?
— மருத்துவமனை நிர்வாகி, பாளையங்கோட்டை

அந்த ஒரு சொல்லை வைத்து நம்ப வேண்டாம். ஒருவருக்கு உங்களிடம் உள்ள எண்ணைக் கொடுத்து, "மற்ற இடங்களில் இவருக்கு என்ன எண்?" என்று கேட்கும் ஏற்பாடு பிக்ஸ். பெயர், பிறந்த தேதி, பாலினம் கொடுத்து, "இப்படி யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்பது பி.டி.கியூ. இரண்டையும் வகுத்தது ஐ.ஹெச்.இ. என்ற அமைப்பு. கேள்வி எந்த வடிவில் போக வேண்டும், பதில் எந்த வடிவில் வர வேண்டும், ஆள் கிடைக்காவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் அது எழுதி வைத்திருக்கிறது. கன்ஃபார்மன்ஸ் டெஸ்ட் பார்ப்பது இந்த விதிகளின்படி நடக்கிறதா என்பதைத்தான். இரண்டு பதிவுகள் ஒரே ஆளுடையவையா என்று எந்தக் கணக்கில் முடிவு செய்வது என்பதை மட்டும் அது வகுக்கவில்லை. அதைத் தயாரிப்பாளரிடமே விட்டுவிட்டது. மளிகைக் கடைத் தராசில் முத்திரை இருந்தால் எடை சரி என்று பொருள். பருப்பு நல்ல பருப்பா என்பதற்கு முத்திரை பொறுப்பில்லை.

ஆகவே வெண்டரிடம் இரண்டு தனித்தனிக் காகிதங்கள் கேளுங்கள். முதலாவது, "இன்டக்ரேஷன் ஸ்டேட்மென்ட்". எந்தப் பொருள், எந்த வெர்ஷன், எந்தப் பாத்திரத்தில் சோதிக்கப்பட்டது என்று அதில் இருக்க வேண்டும். நோயாளியைப் பதிவு செய்து தகவல் அனுப்புவது "சோர்ஸ்"; எண்களை இணைத்து வைப்பது "மேனேஜர்"; கேள்வி கேட்பது "கன்சூமர்". சோர்ஸாகத் தேறியது கன்சூமராகவும் தேறியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஐ.ஹெச்.இ. நடத்தும் கூட்டுச் சோதனையான கனெக்டத்தானின் முடிவைக் காட்டினால், அது நிறுவனத்தின் பெயரில் வருவது என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கும் வெர்ஷனுக்குக் கொடுத்த சான்றிதழ் அல்ல அது. இரண்டாவது காகிதம், பொருத்திப் பார்க்கும் கணக்கின் தரம்: தவறாக இணைத்தது எத்தனை, இணைக்காமல் விட்டது எத்தனை, எந்த ஊர்ப் பெயர்களை வைத்துப் பார்த்தார்கள் என்பவை. பெரும்பாலும் இந்தக் காகிதம் இருக்காது. இல்லையென்றால் நீங்களே சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

லேப் சாஃப்ட்வேர் எழுதுகிறோம். ஹெச்.எல்.7 வழியாக பிக்ஸ் மேனேஜருடன் இணைக்கச் சொல்கிறார்கள். சோதனையை எங்கிருந்து தொடங்குவது?
— மென்பொருள் எழுதுபவர், திருநெல்வேலி ஜங்ஷன்

அடியிலிருந்து. ஹெச்.எல்.7 என்பது மருத்துவ சாஃப்ட்வேர்கள் தங்களுக்குள் மெசேஜ் அனுப்பிப் பேசும் முறை. மெசேஜுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் முன், அது முழுசாகப் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். மெசேஜின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் எம்.எல்.எல்.பி. முறையில் மெசேஜுக்கு முன்னால் பதினாறடிமான 0பி என்ற ஒரு பைட், முடிவில் 1சி, 0டி என்ற இரண்டு பைட். உள்ளே ஒவ்வொரு செக்மென்ட்டின், அதாவது மெசேஜின் ஒவ்வொரு வரியின், முடிவிலும் 0டி மட்டும். நோட்பேடில் தட்டிய மாதிரி மெசேஜில் கூடவே 0ஏ ஒட்டிக்கொண்டு வரும். கண்ணுக்குத் தெரியாது, எதிர்முனை இரண்டாவது செக்மென்ட்டிலேயே கையை விரிக்கும். அடுத்து, இரண்டு மெசேஜை ஒரே மூச்சில் அனுப்புங்கள். ஒரே மெசேஜை இரண்டாக வெட்டி, நடுவில் இரண்டு விநாடி விட்டு அனுப்புங்கள். "ஒரு முறை வாசித்தால் ஒரு மெசேஜ்" என்று எழுதப்பட்ட புரோகிராம் இங்கே விழும். ஆபீஸ் நெட்வொர்க்கில் ஓடி, கிராமத்துக் கிளையின் மெதுவான இணைப்பில் மட்டும் தடுமாறும் சாஃப்ட்வேரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பிறகு மெசேஜ். பதிவுத் தகவல் அனுப்புவது ஹெச்.எல்.7 2.3.1 வெர்ஷன், கேள்வி கேட்பது 2.5. ஒரே புரோகிராம் இரண்டையும் அனுப்பும்போது எம்.எஸ்.ஹெச்.-12-ல் (எம்.எஸ்.ஹெச். என்ற தலைப்புச் செக்மென்ட்டின் 12-ம் கட்டம், வெர்ஷனுக்கு உரியது) இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிடுவது சகஜம். ஏ04 (பதிவு), ஏ08 (விவரத் திருத்தம்) மெசேஜ்களுக்குக் கட்டமைப்பின் பெயர் எழுதினால் அது ஏ.டி.டி._ஏ01 என்றுதான் இருக்க வேண்டும், ஏ.டி.டி._ஏ04 என்று எழுதித் தோற்பவர்கள் நிறைய. பதிலில், ஒப்புதல் செக்மென்ட்டான எம்.எஸ்.ஏ.-வின் 2-ம் கட்டம் கேள்வியின் மெசேஜ் எண்ணான எம்.எஸ்.ஹெச்.-10-ஐ அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அனுப்புநர், பெறுநர் பெயர்கள் பதிலில் இடம் மாற வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கவனம் பி.ஐ.டி.-3-ல், அதாவது நோயாளி விவரச் செக்மென்ட்டான பி.ஐ.டி.-யின் 3-ம் கட்டத்தில். நோயாளி எண்ணோடு அதை வழங்கியது யார் என்பதும் அங்கே இருந்தாக வேண்டும்: ஒரு பெயர், அல்லது ஓ.ஐ.டி. எண்ணும் (நிறுவனத்தைத் தனித்து அடையாளம் காட்டும் எண்) "ஐ.எஸ்.ஓ." என்ற வகையும், அல்லது மூன்றும். மூன்றையும் போட்டால் மூன்றும் ஒரே நிறுவனத்தைக் குறிக்க வேண்டும். வழங்கியவர் இல்லாத எண்ணை மேனேஜர் மறுக்கிறதா என்று பாருங்கள். மறுக்காமல் வாங்கிக்கொண்டால், உங்கள் 1001-ம் பக்கத்துத் தெரு லேபின் 1001-ம் என்றாவது ஒரு நாள் ஒரே ஆளாகிவிடும்.

இனி மாதிரி ஆட்கள். தனக்கென நோயாளி எண் வழங்கும் ஒவ்வொரு இடமும் ஒரு களம்: மருத்துவமனை, லேப், ஸ்கேன் சென்டர் என்று மூன்று களங்கள். முதல் ஆள் மருத்துவமனையிலும் லேபிலும் இருக்கட்டும். இரண்டாவது ஆள் மருத்துவமனையில் மட்டும். மூன்றாவது ஆளுக்கு ஸ்கேன் சென்டரில், முதல் ஆளின் மருத்துவமனை எண்ணையே கொடுங்கள். இப்போது ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

முதல் ஆளின் மருத்துவமனை எண்ணைக் கொடுத்து லேப் எண் கேட்டால்: எம்.எஸ்.ஏ.-1-ல் ஏ.ஏ. (கேள்வி ஏற்கப்பட்டது), தேடலின் முடிவைச் சொல்லும் கியூ.ஏ.கே.-2-ல் ஓ.கே., கூடவே பி.ஐ.டி. செக்மென்ட். இரண்டாவது ஆளுக்கு லேப் எண் கேட்டால்: ஏ.ஏ., ஆனால் கியூ.ஏ.கே.-2-ல் என்.எஃப். (கிடைக்கவில்லை); பி.ஐ.டி. வரவே கூடாது. இல்லாத எண்ணைக் கொடுத்தால்: இரண்டிலும் ஏ.இ. (பிழை), பிழைக் குறியீடு 204, பிழை இருக்கும் இடம், கேள்வியைத் தாங்கும் செக்மென்ட்டான கியூ.பி.டி.-யில் கியூ.பி.டி.-3-ன் முதல் உறுப்பு. தெரியாத களத்தின் எண்ணைக் கொடுத்தால்: அதே 204, ஆனால் இடம் நான்காவது உறுப்பு. தெரியாத களத்தில் எண் கேட்டால்: 204, இடம் கியூ.பி.டி.-4.

இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாகக் குழப்புவதுதான் அடிக்கடி நடப்பது, விளைவும் பெரிது. "ஆள் தெரியும், உங்கள் பக்கம் எண் இல்லை" என்ற பதில் வந்தால் கவுன்ட்டரில் இருப்பவர் புதிதாகப் பதிவு போடுவார், அது சரி. "இந்த எண்ணே எனக்குத் தெரியாது" என்றால் தட்டச்சுப் பிழையைத் தேடுவார். இரண்டுக்கும் என்.எஃப். என்றே பதில் சொல்லும் மேனேஜர், ஒவ்வொரு தட்டச்சுப் பிழைக்கும் ஒரு புதிய நோயாளியைப் பெற்றுத் தரும்.

இன்னொன்று: பிக்ஸ் பதிலில் ஆளின் பெயர் வரக் கூடாது. பி.ஐ.டி.-5-ன் முதல் இடம் காலி. இரண்டாம் முறை வருவதில் ஏழாவது உறுப்பான "எஸ்" (பெயர் மறைக்கப்பட்டது என்ற குறி) மட்டும். "பெயர் இருந்தால் நல்லதுதானே" என்று நிரப்பிக் கொடுப்பவர்கள் சோதனையில் தோற்பார்கள், நியாயமாகவே.

எதிர்முனை இல்லையே என்று கவலை வேண்டாம். ஐ.ஹெச்.இ.-யின் கஸெல் தொகுப்பில் உள்ள பேஷன்ட் மேனேஜர் எந்தப் பாத்திரமாகவும் நின்று பேசும். கையால் மெசேஜ் தட்டி அனுப்பிப் பார்க்க ஹாப்பி டெஸ்ட்பேனல் போதும்.

தமிழில் பெயர் அடித்தால் எதிர்முனையில் கேள்விக்குறிகளாக விழுகிறது.
— ரத்தப் பரிசோதனை நிலையம், தென்காசி

எம்.எஸ்.ஹெச்.-18-ல் "யூனிகோட் யு.டி.எஃப்.-8" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தும் கேள்விக்குறி வந்தால், டேட்டாபேஸில் பெயருக்கான பத்தி யூனிகோடை ஏற்காத வகை. சில இடங்களில் பெயர் பாதியில் வெட்டுப்படும்: ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட், "கி" போன்ற உயிர்மெய்க்கு ஆறு. 50 பைட் இடத்தில் "இசக்கியம்மாள்" அடங்கும்; "நெல்லையப்பகாந்திமதிநாதன்" அடங்காது. சோதனைக்கு நீளமான பெயரையே எடுங்கள்.

அண்ணாச்சி, எங்க ஊர்ல தாத்தா பேரத்தான் பேரனுக்கு வைக்கிறது. தாத்தா மா. ஆறுமுகம், பேரனும் மா. ஆறுமுகம். வீடு ஒண்ணு, போன் நம்பர் ஒண்ணு. தாத்தாவோட சர்க்கரை ரிப்போர்ட் பேரன் பேர்ல ஏறிட்டு. இது மெஷின் கோளாறா, ஆள் கோளாறா? டெஸ்ட் பண்ணும்போதே இதக் கண்டுபிடிக்க முடியாதா?
— எம்.ஆர்.டி. (மருத்துவப் பதிவேடு) பிரிவு ஊழியர், அம்பாசமுத்திரம்

கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்காததற்குக் காரணம், சோதனைக்கு வெள்ளைக்காரப் பெயர்களையே போட்டுப் பார்ப்பது.

உங்கள் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். தாத்தா ஆறுமுகத்தின் அப்பா மாரியப்பன். தாத்தா தன் மகனுக்கு அந்த அப்பா பெயரை வைத்தார். மகன் மாரியப்பன் தன் மகனுக்குத் தன் அப்பா பெயரை வைத்தார். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெயரும் இனிஷியலும் சேர்ந்தே திரும்பி வருகின்றன. பெயர், இனிஷியல், பாலினம், முகவரி, போன் ஐந்தும் பொருந்த, பிறந்த தேதி மட்டும் தனியாக நின்று இல்லை என்கிறது. ஐந்துக்கு ஒன்று, மெஷின் இணைத்துவிடுகிறது.

இந்த வகைக் கணக்குகளில் பலவும் 1969-ல் ஃபெல்லெகி, சண்டர் இருவரும் வகுத்த முறையில் நடப்பவை. ஒரு விவரம் பொருந்தினால் எத்தனை மதிப்பெண் என்பது, அது தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பைப் பொறுத்தது. சரியான ஜோடிகளில் பெயர் பொருந்தும் வாய்ப்பு 0.9 என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் பெயரென்றால் 0.9-ஐ 0.001-ஆல் வகுத்து, இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை எடுத்தால் 9.8. ஊரில் இருபது பேரில் ஒருவர் சுடலைமுத்து என்றால் 0.05-ஆல் வகுக்க வேண்டும், மதிப்பெண் 4.2-தான். வெளியூரில் நிர்ணயித்த 9.8-ஐ அப்படியே இங்கே ஓட்டினால், குலதெய்வத்தின் பெயர் தாங்கிய பாதி ஊரும் ஒரே ஆளாகத் தெரியும். எந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது என்பதை உள்ளூர்ப் பதிவேட்டிலிருந்து எடுத்து மதிப்பெண்ணை மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். செலவில்லாத வேலை, பலன் பெரிது.

பிறந்த வருடம் பத்துக்கு மேல் விலகினால் மற்றவை எவ்வளவு பொருந்தினாலும் தானாக இணைக்காமல், மனிதர் பார்க்கும் வரிசையில் நிறுத்த வேண்டும். ஐந்து வருடத்துக்குக் குறைவான விலகலுக்கு அந்தக் கடுமை வேண்டாம், ஏனென்றால் பெரியவர்களின் தேதியே உத்தேசம். வயது 66 என்று சொன்னால் கம்ப்யூட்டர் ஜனவரி 1 என்று நிரப்பிக்கொள்ளும். வருடம் மட்டும் தெரிந்தால் வருடத்தை மட்டும் அனுப்ப ஹெச்.எல்.7 இடம் தருகிறது. அதைப் பயன்படுத்தாமல் இல்லாத தேதியை உண்டாக்குவது சோதனையில் பிடிக்க வேண்டிய குற்றம்.

இணைய வேண்டிய ஜோடிகளையும் பட்டியலில் போடுங்கள். இசக்கியம்மாளை ஆங்கிலத்தில் "ஈ"-யில் தொடங்கியும் எழுதுகிறார்கள், "ஐ"-யில் தொடங்கியும் எழுதுகிறார்கள். ஒலியை வைத்துப் பெயருக்குக் குறியீடு தரும் சவுண்டெக்ஸ் முறை முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதால் இசக்கி என்ற பகுதிக்கு ஒன்று ஈ-220 என்றும் மற்றது ஐ-220 என்றும் ஆகி, இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. சண்முகத்தை நம் பக்கம் எப்படி எழுதினாலும் எஸ்-525 வந்துவிடும். அதைச் சோதித்துவிட்டு "தமிழ்ப் பெயர் ஓடுகிறது" என்று சொல்லிவிடக் கூடாது. கல்யாணத்துக்குப் பின் அப்பா இனிஷியல் போய்க் கணவர் இனிஷியல் வந்த பெண், தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்து அந்த முகவரியில் பதிவானவர், இனிஷியலை ஒரு இடத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் இன்னொரு இடத்தில் பெயருக்குப் பின்னாலும் போட்டவர் எல்லோரும் பட்டியலில் வேண்டும். தவறாக இணைத்ததையும் இணைக்காமல் விட்டதையும் தனித்தனியே எண்ணுங்கள். விட்டுப்போனால் ஒரு பரிசோதனை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். தவறாக இணைந்தால் பேரனுக்குத் தாத்தாவின் மாத்திரை.

முகவரியை வைத்துப் பொருத்தும்போது சங்கரன்கோவில், கடையநல்லூர்க்காரர்கள் மட்டும் அதிகமாக விடுபடுகிறார்கள். ஏன்?
— ஸ்கேன் சென்டர், திருநெல்வேலி டவுன்

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. பழைய பதிவில் திருநெல்வேலி மாவட்டம், புதியதில் தென்காசி மாவட்டம். மாவட்டத்துக்கு மதிப்பெண் கொடுக்காமல் பின்கோடை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சங்கரன்கோவில் அன்றும் இன்றும் 627756-தான்.

இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் பெயர் வைக்கும் வரை "பேபி ஆஃப்" என்று அம்மா பெயரில்தான் பதிகிறோம். பிறகு இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.
— செவிலியர், வள்ளியூர்

ஒரே தாய், ஒரே தேதி, ஒரே முகவரி. பாலினமும் ஒன்றென்றால் கணக்கு வேறென்ன செய்யும்? இதற்கென்றே கட்டங்கள் இருக்கின்றன. பி.ஐ.டி.-24-ல் ஒன்றுக்கு மேற்பட்ட பிறப்பு என்ற குறி, பி.ஐ.டி.-25-ல் பிறந்த வரிசை 1, 2. தாயின் எண் பி.ஐ.டி.-21-ல். ஐ.ஹெச்.இ.-யில் குழந்தைகளுக்கான விவரங்கள் ஒரு விருப்பத் தேர்வு. உங்கள் சாஃப்ட்வேர் அதை எடுத்திருக்கிறதா என்று இன்டக்ரேஷன் ஸ்டேட்மென்ட்டில் தெரியும்.

தாய்க்கு பிக்மியில் (தமிழ்நாடு அரசின் கர்ப்பிணிப் பதிவுத் தளம்) கிடைத்த 12 இலக்க ஆர்.சி.ஹெச். எண்ணைக் குழந்தையின் பி.ஐ.டி.-3-ல் போட்டுவிடாதீர்கள். தாயும் சேயும் ஒரே ஆளாகிவிடுவார்கள். சோதனையில் ஆண் ஒன்று பெண் ஒன்றாக எடுத்தால் எந்தக் கணக்கும் தேறிவிடும். ஒரே பால் இரட்டையரை எடுங்கள். பெயர் வைத்த பின் ஏ08 அனுப்பி, பழைய எண்ணிலேயே பெயர் மாறுகிறதா என்றும் பாருங்கள்.

ஒரே ஆளுக்கு இரண்டு ஓ.பி. எண் போட்டுவிட்டால் "மெர்ஜ்" செய்கிறோம். இது சரியாக நடந்ததா என்று எப்படித் தெரியும்?
— பதிவு அலுவலர், நாங்குநேரி

மெர்ஜுக்கு ஏ40 மெசேஜ். நிலைக்கும் எண் பி.ஐ.டி.-3-ல், மறையும் எண் எம்.ஆர்.ஜி.-1-ல். இரண்டையும் மாற்றிப் போட்டால் மெசேஜின் வடிவத்தில் ஒரு குறையும் இருக்காது, வாலிடேட்டர் பச்சையே காட்டும். ஆகவே பின்னாலேயே கேள்வி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவமனையில் 101, 102 என்று இரண்டு பதிவு, லேபில் 55. லேபின் 55 முதலில் 102-உடன் இணைந்திருக்கட்டும். 102-ஐ 101-ல் கரையுங்கள். இப்போது 55-ஐக் கொடுத்து மருத்துவமனை எண் கேட்டால் 102 வரவே கூடாது.

அடுத்து, 102-க்கான பழைய ஏ08 ஒன்றைத் தாமதமாக அனுப்புங்கள். கரன்ட் போய் வந்த கிளைகளில் வரிசையில் தேங்கிய மெசேஜ்கள் இப்படித்தான் வரும். அதை வாங்கி 102-க்கு மறுபடி உயிர் கொடுத்தால் சாஃப்ட்வேர் தேறவில்லை. மருத்துவமனை எண்ணையும் லேப் எண்ணையும் ஏ40-ல் மெர்ஜ் செய்ய முயன்றால் மறுக்க வேண்டும். மெர்ஜ் ஒரே களத்துக்குள் மட்டும், களம் விட்டுக் களம் இணைப்பது மேனேஜரின் வேலை. பிக்ஸ் பதிவு மெசேஜ்களில் மெர்ஜைப் பிரித்தெடுக்க வழி இல்லை. மெர்ஜுக்கு முந்தைய நிலையைச் சேமித்து வைக்காத சாஃப்ட்வேரை வாங்காதீர்கள்.

எல்லோருக்கும் ஆபா எண் வந்துவிட்டதே. இனி இந்தப் பொருத்தும் வேலையெல்லாம் எதற்கு?
— ஆசிரியர், களக்காடு

ஆபா என்பது மத்திய அரசின் சுகாதார அடையாள எண்; அதற்கு 14 இலக்கம், எடுப்பது அவரவர் விருப்பம். மயங்கிய நிலையில் வருபவரிடம் கேட்க முடியாது. பழைய பதிவுகளில் அது கிடையாது. 2021 செப்டம்பர் 27-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனிலும் பழைய பதிவைக் கண்டுபிடிக்கப் பெயர், பாலினம், பிறந்த வருடம், சரிபார்த்த மொபைல் எண் என்றுதான் மருத்துவமனைக்குக் கேள்வி வருகிறது. ஒன்றுக்கு மேற்பட்டவர் உறுதியாகப் பொருந்தினால் பிழை என்றுதான் பதில் சொல்ல வேண்டும். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கக் கூடாது. அந்த மிஷனின் சோதனைத் தளமான சாண்ட்பாக்ஸில் ஒரே மொபைலில் நாலு பேர் உள்ள வீட்டை உண்டாக்கி இதைப் பாருங்கள். சாண்ட்பாக்ஸில் ஆபா முகவரியின் வால் "எஸ்.பி.எக்ஸ்.", நிஜத்தில் "ஏ.பி.டி.எம்.", புரோகிராமுக்குள் முதலாவதையே நிரந்தரமாக எழுதிவிட்டால் திறப்பு விழா அன்று ஒருவரும் கிடைக்க மாட்டார்கள்.

சிலருக்கு மட்டும் பிறந்த தேதி ஒரு நாள் முந்திப் போய்விடுகிறது.
— கம்ப்யூட்டர் பிரிவு, வீரவநல்லூர்

தேதியோடு நள்ளிரவு நேரத்தையும் ஒட்டி, உலகப் பொது நேரத்துக்கு மாற்றியிருப்பார்கள். நம் நேரம் ஐந்தரை மணி முன்னால்; 1990 மே 12 நள்ளிரவு அங்கே மே 11 மாலை 6.30. ஜனவரி 1 என்று பதிவானவர்களுக்கு வருடமே மாறிவிடும், அவர்கள்தான் நம்மிடம் அதிகம். பிறந்த தேதியை நேரமே இல்லாத தேதியாக வைப்பதுதான் மருந்து.

மிகவும் வயதானவர்களுக்கு மட்டும் நடந்தால் காரணம் வேறு. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை போர்க்காலத்தில் இந்திய நேரம் ஆறரை மணி முன்னால் இருந்தது. நேர மண்டலப் பட்டியலுக்கு அது தெரியும். "ஐந்தரை" என்று கையால் எழுதிய புரோகிராமுக்குத் தெரியாது. சோதனைப் பட்டியலில் 1943-ல் பிறந்த ஒருவரைச் சேருங்கள்.

சோதனைக்கு எங்கள் மருத்துவமனையின் உண்மையான நோயாளிப் பட்டியலையே கொடுக்கலாமா? வெண்டர் கேட்கிறார்.
— மருத்துவமனை நிர்வாகி, ஆலங்குளம்

கொடுக்காதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சோதனை சர்வரில் பத்துப் பேருக்கு ஒரே பாஸ்வேர்டு இருக்கும். பெயர்கள் எத்தனை முறை வருகின்றன என்ற எண்ணிக்கையை மட்டும் கொடுத்து, அதிலிருந்து கற்பனை ஆட்களை உண்டாக்கச் சொல்லுங்கள். பெயரை மட்டும் மாற்றிவிட்டுத் தேதியையும் போனையும் அப்படியே விட்டால் அது மறைத்ததாகாது. கற்பனையாகப் போட்ட போன் எண்ணும் நிஜத்தில் யாரோ ஒருவருடையதாக இருக்கலாம். சோதனை தொடங்கும் முன் அந்த சர்வரிலிருந்து எஸ்.எம்.எஸ். போகும் வழியை அடைத்துவிடுங்கள்.